மதனவல்லி வந்து தங்கின நாலு மாசம்

நடந்ததை நடந்தபடிக்குச் சொல்றேன், நடுவிலே யாரும் 'அதெப்படிங்க ஆகும்'னு கேக்கப்படாது, ஏன்னா அது ஆனப்போ எங்க ஊரிலே ஒருத்தரும் அப்படிக் கேக்கலை. அவங்க கேட்டதெல்லாம் வேற, அதை நினைச்சா எனக்கு இன்னைக்கும் வயிறு எரியுது. என் பேரு சாந்தாமணி. கொசுவலை கம்பெனியிலே ஓரம் அடிக்கிற வேலை. என் வீட்டுக்காரரு லோகநாதன், கரூர்லே பஸ்ஸுக்குப் பாடி கட்டுற பட்டறையிலே பெயிண்டர். மத்தவங்க கோடு போடுவாங்க, பேரு எழுதுவாங்க. ஜன்னலுக்குக் கீழே நீளமா ஓடுற பூவும் கொடியும் மட்டும் இவரு கையிலேதான் வரும். ஆறு நாளும் பஸ்ஸுக்குப் பூ எழுதிட்டு, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நெசவாளர் காலனி மினி ஹால்லே தன் தலையிலேயே பூ வெச்சுக்குவாரு. சேலை கட்டி, சவுரி வெச்சு, மை எழுதி, மதனவல்லிங்கிற பேரிலே மேடை ஏறி ஆடுவாரு. இருபது வருஷமா ஆடறாரு. அதுக்குக் காசு வாங்கினதில்லை, கொடுத்தாலும் வாங்க மாட்டாரு, 'ஆசைக்கு ஆடறதுக்கு எதுக்குங்க கூலி'ம்பாரு.

என்னைப் பொண்ணு பார்க்க வந்தன்னைக்கே சொல்லிட்டாரு. கூட வந்த சொந்தக்காரங்க, ஒறம்பரைங்க எல்லாம் பஜ்ஜி தின்னுக்கிட்டிருக்கிறப்போ, கொல்லைப்பக்கம் வந்து, கையைக் கட்டிக்கிட்டு, "ஏனுங்க, ஞாயித்துக்கிழமையிலே நான் சேலை கட்டி ஆடுவேனுங்க. விட முடியாது. பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிருங்க"ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "எனக்கு மடிப்பு நல்லா எடுக்கத் தெரியும்"னேன். அன்னையிலிருந்து அவருக்குக் கொசுவம் வெச்சு ஊக்கு குத்தறது நான்தான்.

ஊரு சும்மா இருக்குமா? பட்டறையிலே ஒரு பேரு, டீக்கடையிலே ஒரு பேரு, எங்க தெருவிலே ஒரு பேரு. மேடைக்கு முன்னாடி நாலு பேரு ஊளை விடறதுக்குன்னே சீட்டு பிடிச்சு உக்காருவாங்க. என்கிட்டே வந்து, "ஏன் சாந்தாமணி, உன் வீட்டுக்காரரு ஆம்பளைதானே?"ன்னு காதோரம் கேட்ட பொம்பளைங்க எத்தனை பேரு! ஆம்பளையா இருந்தா உங்களுக்கென்ன, இல்லாட்டி உங்களுக்கென்ன, திருநங்கையாவே இருந்தாலும் உங்க வீட்டு உலையிலேயா அரிசி குறையுது? நான் அப்படித்தான் கேப்பேன். அவரு கேக்க மாட்டாரு. ஊளை ஜாஸ்தியாச்சுன்னா கழுத்தை இன்னும் கொஞ்சம் நிமித்தி, கண்ணை இன்னும் கொஞ்சம் சாய்ச்சு, அந்த ஊளைக்கே ஒரு தாளம் கண்டுபிடிச்சு ஆடுவாரு. ஆடி முடிக்கிறப்போ ஊளை விட்டவனே வாயைப் பிளந்துக்கிட்டு இருப்பான்.

இப்படி இருக்கையிலேதான் எங்க ஏரியா நற்பணி மன்றத்துக்கு வெள்ளி விழா வந்துச்சு. தலைவரு சென்னியப்பன். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, எதைச் சொன்னாலும் மைக்கிலே சொல்ற மாதிரியே சொல்ற மனுசன். விழான்னா எங்க பக்கம் பொன்னாடை போட்டாகணும், பொன்னாடை இல்லாட்டி அது விழாவே இல்லை. மைக் செட்டுக்காரருக்கு ஒண்ணு, சமையல் மாஸ்டருக்கு ஒண்ணு, சேர் வாடகைக்கு விட்டவருக்கு ஒண்ணு, அந்தச் சேரை வண்டியிலே ஏத்தினவருக்கும் ஒண்ணு. அன்னைக்கு மதனவல்லி ஆடின ஆட்டம் இருக்கே, இருபது வருஷத்திலே அப்படியொண்ணை நான் பார்க்கலை, கைதட்டல் ஓயறதுக்கே நேரமாச்சு. சென்னியப்பன் பொன்னாடையை விரிச்சுக்கிட்டு வந்தாரு. கிட்டே வந்து, மேலும் கீழும் பார்த்து, விரிச்சதை மடிச்சு அக்குள்ளே வெச்சுக்கிட்டு, மைக்கிலே சொல்றாரு: "தம்பி லோகநாதன் போய் இந்த வேஷத்தைக் கலைச்சுட்டு, ஆம்பளையா லட்சணமா வந்து நிக்கட்டும், போடறோம். சேலை மேலே பொன்னாடை போட்டா மன்றத்துக்கு மரியாதையாங்க?"

ஹாலே சிரிச்சுச்சு. ஊளைக்கெல்லாம் அசையாத மனுசன், அந்தச் சிரிப்புக்கு முகம் சுண்டிப் போயிட்டாரு. எப்பவும் வேஷத்தை வீட்டுக்கு வந்துதான் கலைப்பாரு, பொறுமையா, ஒவ்வொண்ணா, விளக்கை அணைக்கிற மாதிரி. அன்னைக்குப் பின்னாடி ரூமுக்கு வந்து, என் கையிலிருந்த தேங்காயெண்ணெயையும் பஞ்சையும் பிடுங்கி, தோலே உரியற மாதிரி தேய்ச்சுத் துடைச்சாரு. சவுரியைக் கழட்டிப் போட்டாரு, சேலையை அவுத்துப் போட்டாரு, பேன்ட் சட்டையை மாட்டிக்கிட்டுத் திரும்பிப் பார்க்காம மேடைக்குப் போயிட்டாரு. சேலையை மடிக்கலாம்னு நான் திரும்பினேன். சேலைக்குள்ளே ஆள் நின்னுக்கிட்டிருந்தா.

மதனவல்லிதான். அதே மை, அதே பூ, நான் குத்தின ஊக்கு குத்தின இடத்திலேயே. "அக்கா, ஆட்டம் முடிஞ்சுதுங்களா?"ன்னு கேட்டா. "முடிஞ்சுது கண்ணு, வா வீட்டுக்குப் போலாம்"னேன். வேற என்ன சொல்றது, அங்கியே விட்டுட்டா வர முடியும்?

வீட்டிலே மூணு தட்டு வெச்சேன். அரிசிம்பருப்பு சாதம். அவரு கறிவேப்பிலையைப் பொறுக்கித் தட்டோட வலது ஓரத்திலே ஒதுக்கினாரு, அவளும் பொறுக்கி வலது ஓரத்திலே ஒதுக்கினா. அவரு அவளை ஒரு நாளும் 'நீ'ன்னு சொன்னதில்லை, 'சாப்பிடுங்க', 'உக்காருங்க'ன்னுதான். அவளும் அவரைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவ என்கூட உள்ரூமிலே படுத்துக்கிட்டா, அவரு ஹால்லே பாயைப் போட்டுக்கிட்டாரு.

மறுநாள் விடிஞ்சதும் தெருவே வந்துருச்சு. ஒருத்தராச்சும் 'இதெப்படி'ன்னு கேக்கணுமே! வீட்டு ஓனரம்மா, அதான் இவரு சேலையைக் கொடியிலே காயப்போட்டா மூஞ்சியைத் திருப்பிக்கிற அதே அம்மா, வெத்தலை பாக்கு குங்குமத்தோட வந்து, "எவ்வளவு லட்சணமான பொண்ணு, கண்ணு பட்டுரும்"னு மதனவல்லிக்குத் திருஷ்டி கழிச்சாங்க. அப்புறம் அவளுக்கு வந்த அழைப்பு நிக்கவே இல்லை. வளைகாப்புக்கு வாங்க, சீருக்கு வாங்க, விளக்கு பூஜைக்கு முதல் விளக்கு நீங்கதான் ஏத்தணும். மதனவல்லிங்கிற பேரு கொஞ்சம் ஒரு மாதிரி இருக்குன்னு அவங்களே முன்பாதியை வெட்டிட்டு வல்லியம்மான்னு ஆக்கிட்டாங்க. வார்டு ஆபீஸிலே பேரைச் சேர்த்தாங்க, பொறந்த தேதி கேட்டப்போ விழா நடந்த தேதியைச் சொன்னா, அந்தத் தேதியையே எழுதிக்கிட்டு ஆளுக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பினாங்க. ஜவுளிக்கடைத் திறப்பு விழாவுக்குக் கத்திரிக்கோல் அவ கையிலே. பள்ளிக்கூடத்து மகளிர் தினத்துக்குத் தலைமை அவ. சென்னியப்பன் அவ பக்கத்திலே நின்னு, "பொண்ணுன்னா இப்படி இருக்கணும்"னு மைக்கிலே சொல்றாரு, கேட்டுக்கிட்டு நிக்கிற எனக்கு எதையாவது எடுத்து எறியலாமான்னு வருது. அடப்பாவிகளா, அந்தக் கண்ணும் அந்தக் கழுத்தும் அந்த நடையும் இருபது வருஷமா உங்க முன்னாடிதானேடா இருந்துச்சு! அப்ப ஊளை, இப்ப ஆரத்தியா?

"சக்களத்தி மாதிரி ஒருத்தி வீட்டிலே இருக்கா, உனக்குப் பொறாமை இல்லையா?"ன்னு கம்பெனியிலே கேட்டாங்க. எனக்கென்ன பொறாமை, அவ கட்டிக்கிட்டிருக்கிற சேலையே என்னுது.

அவருக்கும் மரியாதை வந்துச்சு, அதைச் சொல்லாம விடக் கூடாது. "அப்பாடா, உன்னைப் பிடிச்சது விட்டுச்சு லோகு"ன்னு டீக்கடையிலே கையைப் பிடிச்சுக் குலுக்கினாங்க. பத்து வருஷமா எட்டிப் பார்க்காத இவரோட அண்ணன் வந்து சாப்பிட்டுப் போனாரு. ஆனா பட்டறையிலே பிரஷ்ஷை எடுத்தா கோடுதான் வந்துச்சு. நேரா, நீளமா, வெறும் கோடு. பூ வரலை. பூவில்லாத பஸ்ஸா நாலஞ்சு பஸ்ஸு அந்த மாசம் ரோட்டுக்குப் போச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு அவரு கண்ணாடி முன்னாடி நின்னு கையைத் தூக்கிப் பார்த்தாரு. கை தூக்கின இடத்திலேயே நின்னுச்சு, அடுத்து எங்கே போகணும்னு அதுக்குத் தெரியலை. அப்படியே உக்காந்து அழுதாரு. நான் பார்த்த மாதிரி காட்டிக்கலை. நான் கட்டிக்கிட்டது ஆடற மனுசனை. இப்ப வீட்டிலே இருக்கிறது ஊரு செஞ்சு கொடுத்த ஆளு.

சரி, அவராலே முடியலை, அவளாவது ஆடட்டும்னு நினைச்சேன். அவ உடம்பிலே அத்தனையும் இருந்துச்சு. அரிசி களையறப்போ கை ஆடும், தண்ணிக்குடத்தை இறக்கி வெக்கறப்போ இடுப்பு ஆடும், பார்த்துக்கிட்டே இருக்கலாம். "அக்கா, மேடையிலே ஆடட்டுங்களா?"ன்னு அவளே கேட்டா. நானே மினி ஹாலுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். சென்னியப்பன் எழுந்து நின்னு கும்பிட்டாரு. விஷயத்தைச் சொன்னதும் அந்த மூஞ்சியைப் பார்க்கணுமே!

"வல்லியம்மா, நீங்க குடும்பப் பொண்ணு. நாலு பேரு பார்க்க மேடையிலே ஆடறதா? கூடாதும்மா."

"ஏனுங்க, இதே மேடையிலே இதே ஆட்டத்தை ஆடின ஆளுதானுங்க இது"ன்னேன் நான்.

"அது அவன் ஆடினது. அவனே திருந்திட்டான். நீங்க எதுக்கு இந்தம்மாவைக் கெடுக்கப் பாக்கறீங்க சாந்தாமணி?"

கேட்டீங்களா நியாயத்தை? ஆம்பளை சேலை கட்டி ஆடினா கேவலம். சரி. பொம்பளை சேலை கட்டி ஆடினாலும் கேவலமாம்! அப்ப யாருதான்யா ஆடறது, மேடைக்குப் போட்ட பலகையா? நான் கத்தினேன், கத்தினா கேப்பாங்களா? ஆனா மதனவல்லி தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "சரிங்க"ன்னுட்டா. ஒரே ஒரு 'கூடாதும்மா'வுக்கு! அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. இவ பொறந்து ரெண்டு மாசம்தான் ஆகுது, பொறந்ததிலிருந்து ஆரத்தியும் குங்குமமும்தான், ஒருத்தர் அவளைப் பார்த்து ஊளை விட்டதில்லை. ஊளையிலே நின்னு நின்னு வந்த தைரியம் மொத்தமும் அவருகிட்டேயே தங்கிப் போச்சு. ஆட்டம் இவகிட்டே, தைரியம் அவருகிட்டே. ரெண்டும் ஒரே வீட்டிலே, எதிரெதிரே உக்காந்து கறிவேப்பிலையை ஒதுக்கிக்கிட்டு இருக்குது, என்னத்தைச் சொல்ல!

அதோட விட்டாங்களா? நாலாவது மாசம் மன்றமே கூடி அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துருச்சு. நாச்சிமுத்து, சாயப்பட்டறை முதலாளி, பொண்டாட்டி தவறி மூணு வருஷம். கெட்ட மனுசன்னு சொல்ல மாட்டேன், ஆனா அவளை ஒரு வார்த்தை கேக்கலை. சென்னியப்பன் வந்து, "பெத்தவங்க இல்லாத பொண்ணு, ஊருதான் தாய் தகப்பன்"னு சொல்லி ஞாயித்துக்கிழமை மத்தியானம் நிச்சயம்னு வெச்சுட்டாரு. "கல்யாணத்துக்கப்புறம் ஆட்டம் கீட்டம்னு வீட்டுக்குள்ளேகூட இருக்கப்படாது, அது மாப்பிள்ளையோட ஒரே கண்டிஷன்"னாரு. அவ அதுக்கும் தலையைக் குனிஞ்சா.

ஞாயித்துக்கிழமை வீடு நிறைய ஆளு. தட்டு, பழம், பட்டுச்சேலை, வாசல் பூராவும் செருப்பு. நான் சமையக்கட்டிலே கேசரி கிண்டிக்கிட்டிருக்கேன். மதனவல்லி உள்ளே வந்து கதவைச் சாத்தினா. "அக்கா, எனக்கு ஆடணும். ஆனா வேண்டாம்னு சொல்ல வாய் வரலைங்க"ன்னா. கொல்லைக் கதவு வழியா அவரும் வந்துட்டாரு. அவளைப் பார்த்து, "நீங்க ஆடுங்க, நான் முன்னாடி நின்னுக்கறேன். எவன் என்ன சொன்னாலும் என் மேலே விழட்டும்"னாரு.

"அவங்க ஒரு சத்தம் போட்டா எனக்குக் கை கால் ஓடாதுங்க."

"எனக்கு ஓடுங்க. ஆனா ஆட வராது."

ரெண்டு பேரும் நின்னு ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கிட்டாங்க, ஒருத்தர் கண்ணிலிருந்து தண்ணி வந்தா இன்னொருத்தர் துடைச்சுக்கறாங்க. எனக்கு வந்துச்சே கோவம்! இந்த ஊரு என்னத்தை வேணும்னாலும் பிரிக்கட்டும், அதுக்குன்னு பார்த்துக்கிட்டு நிக்க நான் என்ன மரமா? அடுப்பை அணைச்சேன். "ரெண்டு பேரும் கிட்டே வந்து நில்லுங்க"ன்னேன். என் சேலையிலே ஒண்ணை எடுத்தேன். ஊக்கையெல்லாம் பல்லிலே கடிச்சுக்கிட்டு, ரெண்டு பேரையும் சேர்த்து ஒரு சுத்து சுத்தினேன். ஒரு ஆளுக்குக் கட்டற மாதிரியே கட்டினேன், ஒரு ஆளுக்கு வெக்கற மாதிரியே கொசுவம் வெச்சேன், இழுத்துச் சொருகினேன், முந்தானையை எடுத்து மடிச்சேன், தோள்லே ஊக்கு குத்தினேன். ஒரே சேலை ரெண்டு பேருக்கும் போதுமா இருந்துச்சு. கடைசி ஊக்கைக் குத்திட்டு நிமிந்து பார்த்தா ஒரே ஆளு, நெத்தியிலே வேர்வையோட.

"சாந்தா, இடுப்பிலே கொஞ்சம் இறுக்கமா இருக்குது புள்ளே."

"இருக்கட்டும்"னேன். எனக்கு அழுகை வந்துருச்சு.

பூவை வெச்சு, மையை எழுதிக்கிட்டு, மணியைப் பார்த்தாரு. மூணே முக்கால். கதவைத் திறந்துக்கிட்டு நிச்சயத்துக்கு வந்த கூட்டத்துக்கு நடுவிலே நடந்து வாசலுக்குப் போனாரு. "சீ, மறுபடியும் ஆரம்பிச்சுட்டான் பாரு"ன்னாங்க. ஒருத்தன் ஊளை விட்டான். அந்தக் கழுத்து நிமிந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன், நாலு மாசத்துக்கப்புறம். மினி ஹால் கதவைப் பூட்டி வெச்சிருந்தாங்க, அதனாலே ஹால் படியிலேயே ஆடினாரு. சந்தைக்குப் போறவங்க, பஸ்ஸுக்கு நிக்கறவங்க, ஒரு நாப்பது அம்பது பேரு நின்னு பார்த்தாங்க. மறுநாள் பட்டறையிலே பஸ்ஸு முழுக்கப் பூ.

ஆனா எங்க வீட்டிலே அன்னைக்கு அவங்க கட்டிலுக்கு அடியிலே தேடினாங்க, கொல்லையிலே தேடினாங்க, தண்ணித் தொட்டிக்குள்ளே டார்ச் அடிச்சாங்க. வல்லியம்மா எங்கே, வல்லியம்மா எங்கே? சாயங்காலமே ஸ்டேஷன்லே புகார். சென்னியப்பன், நாச்சிமுத்து, வீட்டு ஓனரம்மா, மூணு பேரும் கையெழுத்து. லோகநாதன் அந்தப் பொண்ணை ஏதோ பண்ணிட்டான்னு.

மறுநாள் சாயங்காலம் அவரைப் பட்டறையிலிருந்து நேரா ஸ்டேஷனுக்கு வரச் சொன்னாங்க, நானும் போனேன். இன்ஸ்பெக்டரம்மா பொறுமையாத்தான் கேட்டாங்க. "சொல்லுங்க, அந்தம்மா எங்கே?"

"இவருதானுங்க"ன்னேன் நான்.

"விளையாடாதீங்க."

அவரு சேரை விட்டு எழுந்தாரு. பட்டறைக் காக்கிச் சட்டை, கையெல்லாம் பெயிண்ட்டு. கழுத்தை லேசா நிமித்தி, கண்ணைச் சாய்ச்சு, குங்குமத் தட்டை வாங்கறப்போ மதனவல்லி எப்படிக் கையை நீட்டுவாளோ அப்படி நீட்டினாரு. எழுதிக்கிட்டிருந்த போலீஸ்காரரு பேனாவைக் கீழே வெச்சுட்டாரு. எனக்கு நம்பிக்கை வந்துச்சு, அவ்வளவு கண்ணு முன்னாடி காட்டியாச்சு, இதுக்கு மேலே என்ன வேணும்? அப்ப சென்னியப்பன் சொல்றாரு: "பார்த்தீங்களாம்மா துணிச்சலை! அந்தத் தெய்வம் மாதிரிப் பொண்ணைப் போலவே நடிச்சுக் காட்றான்!" நாச்சிமுத்து கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. ஓனரம்மா, "அவ கால் தூசிக்கு வருவியாடா நீ?"ன்னு கேட்டாங்க. அவரு முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாங்க.

ஆதாரம் ஒண்ணுமில்லைன்னு அனுப்பி விட்டாங்க. மறு வாரம் ஊரெல்லாம் போஸ்டர். காணவில்லை. ஜவுளிக்கடை திறந்தப்போ எடுத்த போட்டோ. அடையாளம்: இடது புருவத்துக்கு மேலே சின்னத் தழும்பு. பட்டறையிலே வெல்டிங் பொறி பட்டு ஆன தழும்பு அது, எனக்குக் கல்யாணம் ஆன வருஷம், நான்தான் மருந்து போட்டேன். பஸ் ஸ்டாண்டிலே அந்தப் போஸ்டருக்குப் பக்கத்திலே அவரைப் பிடிச்சு நிறுத்தி, தலைமுடியை ஒதுக்கித் தழும்பைக் காட்டி, போறவங்க வர்றவங்ககிட்டேயெல்லாம் கேட்டேன், "பாருங்க, நல்லாப் பாருங்க, இவங்கதானே?" நின்னு பார்த்தாங்க. போஸ்டரைப் பார்த்தாங்க, அவரைப் பார்த்தாங்க, மறுபடியும் போஸ்டரைப் பார்த்தாங்க. "பாவம், எவ்வளவு நல்ல பொண்ணு, எங்கே இருக்குதோ"ன்னு உச்சுக் கொட்டிட்டு நடந்தாங்க. ஒருத்தர், இவரு கையிலேயே ஒரு நோட்டீஸைக் கொடுத்து, "எங்கியாவது பார்த்தா சொல்லுப்பா"ன்னுட்டுப் போனாரு.

அவரு அதை வாங்கி மடிச்சுச் சட்டைப் பையிலே வெச்சுக்கிட்டாரு. "விடு சாந்தா, நேரமாச்சு"ன்னாரு.

அவரு விடுவாரு. நான் விட மாட்டேன். தேடுங்கய்யா, நல்லாத் தேடுங்க, ஆத்திலே தேடுங்க, கிணத்திலே தேடுங்க. ஞாயித்துக்கிழமை தவறாம நாலு மணிக்கு ஹால் படியிலே உங்க கண்ணு முன்னாடிதான் ஆடிக்கிட்டிருக்கா, டிக்கெட்டுகூடக் கிடையாது.